கையில் தூக்கி எடுக்கும் 4×5: குறைந்த செலவில் லார்ஜ் ஃபார்மட் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் எடுத்த முதல் ஆறு 4×5 ஃபிலிம் ஷீட்டுகளின் கணக்கு இது. ஒன்று அடர்கறுப்பு, ஷட்டரை மூடாமலே, ஃபிலிமை ஒளியிலிருந்து மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவியிருந்தேன். ஒன்று கண்ணாடி மாதிரி வெறுமை. ஸ்லைடை உருவவே இல்லை. இன்னொன்றில் இரண்டு படம், ஒன்றின் மேல் ஒன்று. அடுத்த இரண்டும் ஃபோகஸ் தப்பியவை. ஆறாவதில் ஒரு நண்பர் மரப்பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருக்கிறார். நெகட்டிவின் மேல் லூப்பை (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் அந்த வாரின் தையலை ஒவ்வொன்றாக எண்ணலாம். அந்த ஒரு ஷீட்டுக்காகத்தான் இதை இன்னும் விடாமல் இருக்கிறேன்.

கெட்டுப்போன ஐந்திலும் கேமராவின் மேல் குற்றம் இல்லை. மூன்றில் வேலை வரிசையைத் தவறவிட்டேன், இரண்டில் தூரத்தைத் தப்பாக மதிப்பிட்டேன். அதனால் எந்த கேமரா, எந்த லென்ஸ் என்பதை வேகமாகச் சொல்லிவிட்டு, வரிசைக்கும் தூரத்துக்கும்தான் இங்கே அதிக இடம் கொடுக்கப்போகிறேன். கேமராவில் மிச்சம் பிடிக்கும் பணத்தை ஃபிலிமில் போடுங்கள். பத்து ஷீட் எடுத்துப் பாழாக்கியவருக்குத் தெரிவது, விலை உயர்ந்த பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

இவ்வளவு பெரிய ஃபிலிமைக் கையில் பிடித்து எடுக்க முடியுமா?

முடியும். ஒரு காலத்தில் பத்திரிகைக்காரர்கள் தினமும் செய்த வேலைதான் இது. கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் ஸ்பீடு கிராஃபிக் 1912-இல் வந்தது. அதற்குப் பின் பல பத்தாண்டுகள் அமெரிக்கச் செய்திப் படக்காரர்களின் கையில் இருந்தது அந்தப் பெட்டிதான். 1945 பிப்ரவரி 23 அன்று ஐவோ ஜிமா தீவில் கொடி ஏற்றிய படத்தை ஜோ ரோசென்தால் எடுத்தது ஸ்பீடு கிராஃபிக்கில். நியூயார்க்கின் இரவுகளைப் ஃபிளாஷ் போட்டு எடுத்த வீஜியும் அதையேதான் தூக்கிக்கொண்டு அலைந்தார். ட்ரைபாடும் கறுப்புத் துணியும் லார்ஜ் ஃபார்மட்டின் ஒரு பாதி மட்டுமே.

அளவைப் பார்த்துவிடலாம். 4×5 என்பது அங்குலக் கணக்கு. ஷீட்டைச் செருகி வைக்கும் ஹோல்டரின் விளிம்பு மறைப்பது போக, படம் விழும் பரப்பு ஏறக்குறைய 96×120 மி.மீ. 35 மி.மீ. ஃபிலிமின் 24×36 சட்டத்தோடு ஒப்பிட்டால் பதின்மூன்று மடங்குக்கு மேல். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில்கூட குருணை கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு இதுதான் காரணம். வேகமான ஃபிலிம் போடலாம் என்பதால்தான் கையில் பிடித்தும் எடுக்க முடிகிறது.

லென்ஸ் கணக்கும் மாறும். 4×5-இல் 150 மி.மீ. என்பது சாதாரணப் பார்வை. 127, 135 கொஞ்சம் அகலம். 90 மி.மீ. என்றால் 35 மி.மீ. கேமராவில் 25 முதல் 28 வரை உள்ள லென்ஸின் அகலம் கிடைக்கும்.

எந்தப் பெட்டி?

குறைந்த செலவில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி பழைய பிரஸ் கேமரா. க்ரௌன் கிராஃபிக் (1947 முதல் 1973 வரை வந்தது), ஸ்பீடு கிராஃபிக், புஷ் பிரஸ்மேன் டி ஆகியவை இந்த வகை. முன்கதவைத் திறந்தால் துருத்தியோடு லென்ஸ் தண்டவாளத்தில் வெளியே வரும். பக்கவாட்டிலோ மேலேயோ தூரத்தைக் கண்டுபிடிக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கும், கம்பிச் சட்டத்தில் ஒரு வியூஃபைண்டரும் இருக்கும். எடை லென்ஸோடு சேர்த்து இரண்டு கிலோவைத் தாண்டும். ஸ்பீடுக்கும் க்ரௌனுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம், ஸ்பீடின் பின்பக்கத்தில் உள்ள துணித்திரை ஷட்டர். 1/1000 வரை போகும்; ஷட்டரே இல்லாத பழைய லென்ஸையும் மாட்டலாம். ஆனால் எடை கூடும், பெட்டியின் தடிமனும் கூடும். அந்தத் தடிமனால் 90 மி.மீ. போன்ற அகல லென்ஸ் அதில் உட்காரக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் க்ரௌனைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வழி, பிளாஸ்டிக் கூம்பு கேமரா. முன்னால் 90 மி.மீ. லென்ஸ், திருகினால் அதை முன்னும் பின்னும் நகர்த்தும் ஒரு ஹெலிகாய்டு வளையம், நடுவில் கூம்பு, பின்னால் ஹோல்டர் செருகும் இடம், அவ்வளவுதான். துருத்தியும் இல்லை, ரேஞ்ச்ஃபைண்டரும் இல்லை. 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வந்த ட்ராவல்வைட் இந்த வகையைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. இப்போது 3டி பிரிண்டரில் இதே மாதிரி பலர் செய்துகொள்கிறார்கள். தோளில் மாட்டினால் எடையே தெரியாது.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை. ரேஞ்ச்ஃபைண்டர் வசதிதான், ஆனால் எழுபது வயதுப் பெட்டியில் அது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று சரிபார்த்து, லென்ஸுக்கு ஏற்ப மறுபடி அளவு வைப்பது தனி வேலை. பக்கவாட்டில் உள்ள காலார்ட் ரேஞ்ச்ஃபைண்டரை ஒரு நேரத்தில் ஒரு குவியத் தூரத்துக்குத்தான் பொருத்த முடியும். அகல லென்ஸும் தூர அளவுகோலும் இருந்தால் அந்தத் தலைவலி இல்லை. அதே நேரம் ஆட்களின் முகத்தை நெருங்கி, லென்ஸை நன்றாகத் திறந்து வைத்து எடுக்கத்தான் ஆசை என்றால் பிரஸ் கேமராவுக்கே போங்கள். கூம்பு கேமரா அதற்கு ஒத்துவராது.

பழைய பெட்டி வாங்கும்போது துருத்தியைக் கட்டாயம் பாருங்கள். இருட்டறையில் உள்ளே ஒரு சின்ன டார்ச்சை வைத்துத் துருத்தியை முழுக்க நீட்டி, மூலைமடிப்புகளில் வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு ஊசித்துளையைக் கறுப்புத் துணிப்பெயின்டால் அடைக்கலாம். மடிப்பு முழுக்கப் பொரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். பின்பக்கம் கிராஃப்லாக் வகையாக இருந்தால் நல்லது. கிரவுண்ட் கிளாஸை (ஃபோகஸ் பார்க்கப் படம் விழும் சொரசொரப்புக் கண்ணாடி) கழற்றிவிட்டு 120 ரோல் ஃபிலிம் பேக்கையும், ஆறு ஷீட் கொள்ளும் கிராஃப்மேட்டிக்கையும் மாட்டலாம்.

லென்ஸும் ஷட்டரும்

4×5 சட்டத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 154 மி.மீ. லென்ஸ் வீசும் ஒளிவட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தால் போதும். கையில் பிடித்து எடுக்கும் கேமராவில் லென்ஸை ஏற்றி இறக்கிச் சாய்க்கப்போவதில்லை என்பதால் பெரிய, கனமான லென்ஸுக்கு அவசியமே இல்லை. ஷ்னைடர் ஆங்குலான் 90 மி.மீ. எஃப்/6.8 இதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கும்: சின்னது, லேசானது, 4×5-ஐ ஒட்டி ஒட்டி மூடும். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/16-க்கு இறக்கினால் மூலைகளும் திருந்திவிடும். பெயரில் ஒரு சொல் மட்டும் கூடிய சூப்பர் ஆங்குலான் வேறு ஜாதி. நல்ல லென்ஸ்தான், ஆனால் பெரிது. பிரஸ் கேமராவோடு வரும் 127 மி.மீ. கோடக் எக்டார், 135 மி.மீ. ஆப்டார் இரண்டுமே எஃப்/4.7, தாராளமாகப் போதும்.

ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் வகை. கண்ணாடி மேலே எழும்பி அடிக்கும் அதிர்ச்சி கிடையாது, ஒரு மெல்லிய ‘டிக்’ மட்டும்தான். அதனால் 1/60-லும் கை நின்றுவிடும். 1/125 என்றால் நிம்மதி. வாங்குமுன் ஒவ்வொரு வேகத்தையும் காதால் கேளுங்கள். 1 விநாடி உண்மையிலேயே ஒரு விநாடியா, நடுவில் இழுத்து நிற்கிறதா? மெதுவான வேகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இந்த வேலைக்கு 1/50-க்கு மேல் ஒழுங்காக இருந்தால் போதும். பழைய ஷட்டரில் மேல்வேகங்கள் சோம்பலாகவே ஓடும். எழுதியிருப்பது 1/400 என்றால் கிடைப்பது 1/250 ஆக இருக்கலாம். நெகட்டிவ் ஃபிலிமுக்கு அது ஒரு பொருட்டில்லை. பழைய காம்பூர் வகை ஷட்டரில் ஒரு எச்சரிக்கை: உச்ச வேகத்தை ஷட்டரை ஏற்றுவதற்கு (அதன் ஸ்பிரிங்கை இழுத்து வைப்பதற்கு) முன்பே வைத்துவிட வேண்டும். ஏற்றியபின் பலவந்தமாகத் திருப்பினால் உள்ளே ஏதாவது முறியும்.

இதழ் ஷட்டரில் எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். எம், எக்ஸ் என்று இரண்டு நிலை இருந்தால் எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு எக்ஸ். எம் என்பது பழைய பல்புக்கானது.

தூரம்: இங்கேதான் ஷீட் போகும், இங்கேதான் மிஞ்சும்

கூம்பு கேமராவில் முதல் வேலை, வளையத்தில் முடிவிலி எங்கே என்று கண்டுபிடிப்பது. கேமராவை ட்ரைபாடிலோ மேஜையிலோ நிறுத்துங்கள். பின்னால் கிரவுண்ட் கிளாஸை வையுங்கள். அதன் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் கண்ணாடியின் தடிமன் அளவுக்கு எல்லாமே தப்பும், காரணமும் பிடிபடாது. ஹோல்டரில் ஃபிலிம் சுமார் 5 மி.மீ. உள்ளே உட்கார்ந்திருக்கும். கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பும் அதே ஆழத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அப்புறம் லென்ஸை முழுக்கத் திறந்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ மலைவிளிம்பையோ லூப் வழியே கூர்மையாக்குங்கள். லூப் இல்லையென்றால் 35 மி.மீ. கேமராவின் 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், நன்றாகவே வேலை செய்யும். அந்த இடத்தில் வளையத்தில் ஒரு கோடு போடுங்கள்.

முடிவிலியிலிருந்து லென்ஸ் எவ்வளவு முன்னே வர வேண்டும் என்பது எளிய கணக்கு. 90 மி.மீ. லென்ஸுக்கு 5 மீட்டர் என்றால் 1.65 மி.மீ., 3 மீட்டர் என்றால் 2.8, 2 மீட்டருக்கு 4.2, ஒன்றரை மீட்டருக்கு 5.7. ஒரு வெள்ளை டேப்பை வளையத்தில் சுற்றி, அளவுநாடாவால் தூரத்தை அளந்து நிறுத்திய ஒரு செய்தித்தாளைக் கிரவுண்ட் கிளாஸில் கூர்மையாக்கி, ஒவ்வொரு தூரத்துக்கும் கோடு போடுங்கள். எண்களை நம்பிச் செய்வதைவிட, கண்ணால் பார்த்துக் குறித்துவிட்டு எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டும் ஒத்துப்போனால் இரவு நன்றாகத் தூங்கலாம்.

கோடுகள் எத்தனை வேண்டும்? மூன்று போதும்: 5 மீட்டர், 3 மீட்டர், 1.5 மீட்டர். காரணம் இதுதான். எஃப்/16-இல், 4×5-க்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 0.1 மி.மீ. மங்கல் வரம்பின்படி, 90 மி.மீ. லென்ஸின் ஹைப்பர்ஃபோகல் தூரம், அதாவது அடிவானம் வரை கூர்மை கிடைக்க ஃபோகஸ் வைக்கக்கூடிய மிகக் கிட்டத் தூரம், 5 மீட்டருக்குச் சற்றே அதிகம். வளையத்தை 5-இல் வைத்தால் இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை கூர்மை. 3-இல் வைத்தால் ஏறக்குறைய 1.9 முதல் 7 மீட்டர் வரை. 1.5-இல் வைத்தால் 1.2 முதல் 2.1 வரை. இதற்கு நடுவில் வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. வெளியே போகும்போது வளையத்தை எப்போதும் 5-இல் வைத்துக்கொண்டே நடங்கள். திடீரென்று ஏதாவது கண்ணில் பட்டால் ஃபோகஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எஃப்/22-க்கு இறக்க முடிந்தால் ஹைப்பர்ஃபோகல் 3.8 மீட்டருக்கு வந்துவிடும். எஃப்/8-க்குத் திறந்தால் 10 மீட்டருக்கு ஓடிவிடும். அப்போது ஊகம் தாங்காது, அளந்தே ஆக வேண்டும். 127 மி.மீ. லென்ஸில் எஃப்/16-இலேயே ஹைப்பர்ஃபோகல் 10 மீட்டர். பிரஸ் கேமராக்காரருக்கு ரேஞ்ச்ஃபைண்டர் ஏன் வேண்டியிருந்தது என்பது இந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும்.

தூரத்தை மதிப்பிடுவது பழக்கத்தில் வரும். உங்கள் ஓர் எட்டு எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். படுத்தால் நீங்கள் எவ்வளவு நீளமோ அதுவும் ஓர் அளவுகோல்: எதிரே இருப்பவர்வரை தரையில் நம்மைப் போல் இரண்டு பேர் படுக்க இடம் இருந்தால் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிட்டத்தில் எடுக்கும் உருவப்படத்துக்கு ஊகமே வேண்டாம். கேமராவின் அடியில் ஒரு நூலைக் கட்டி ஒன்றரை மீட்டரில் முடிச்சுப் போடுங்கள். உட்கார்ந்திருப்பவரிடம் முடிச்சைக் கொடுத்து, “இதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பிடியுங்கள்” என்று கேட்டு, நூல் விறைத்ததும் நீங்கள் நகராமல் நின்றால் ஃபோகஸ் முடிந்தது. கூடுதல் லாபமாக, முடிச்சைப் பிடித்தவர் சிரித்துவிடுவார்.

ஹோல்டரும் இருட்டும்

ஃபிலிம் ஹோல்டரில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு ஷீட். பழைய ஃபிடெலிட்டி, லிஸ்கோ ஹோல்டர்களே போதும். மூன்று இருந்தால் ஆறு படம். ஒரு நாளைக்கு அது அதிகமே. ஒவ்வொரு பக்கத்துக்கும் 1அ, 1ஆ, 2அ என்று எண் போடுங்கள். பின்னால் ஏதாவது ஒரு நெகட்டிவில் ஒளி கசிந்திருந்தால் எந்த ஹோல்டர் குற்றவாளி என்று அப்போதுதான் தெரியும்.

டார்க் ஸ்லைடின் கைப்பிடியில் ஒரு பக்கம் வெள்ளை அல்லது வெள்ளி நிறம், தடவினால் புள்ளிகள் தட்டுப்படும். மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் உள்ளே புது ஃபிலிம், கறுப்பு தெரிந்தால் எடுத்து முடித்தது. உலகம் முழுக்க இதே வழக்கம். புள்ளிகள் இருப்பது இருட்டில் விரலுக்குத் தெரிவதற்காக.

லோடு செய்வதை முதலில் வெளிச்சத்தில், ஒரு வீணான ஷீட்டை வைத்து, கண்ணைத் திறந்துகொண்டு இருபது தடவை செய்யுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருபது. அதற்குப் பிறகுதான் சேஞ்சிங் பேக் (கைகளை மட்டும் உள்ளே விடும் ஒளி புகாத பை) அல்லது இருட்டறை. ஹோல்டரை ஒரு தட்டுத் தட்டி, பிரஷ்ஷால் தூசு துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். சட்டையின் நூல்பிசிறு ஒன்று ஷீட்டில் உட்கார்ந்தால் நெகட்டிவின் வானத்தில் ஒரு வெள்ளைப் புழு நெளியும். அது பிரிண்டில் கறுப்பாகத் தெரியும்.

இருட்டில் நடப்பது இப்படி. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் உறை, உறைக்குள் ஷீட்டுகள். ஒன்றை எடுத்து நெட்டாகப் பிடித்து விளிம்பைத் தடவினால் ஒரு மூலையில் சின்னச் சின்ன வெட்டுகள் தட்டுப்படும். அந்த வெட்டு மேல்-வலது மூலையில் இருந்தால் ரசாயனப் பூச்சு உங்கள் முகத்தைப் பார்க்கிறது. கீழ்-இடது மூலையில் இருந்தாலும் அப்படியே. பூச்சுப் பக்கம் ஹோல்டரில் மேலே இருக்க வேண்டும். ஸ்லைடைப் பாதிக்கு மேல் இழுத்து, அடிமடலைத் திறந்து, ஷீட்டை இரண்டு பக்கத் தண்டவாளத்துக்கும் அடியில் வழுக்கி விடுங்கள். ஒரு பக்கம் தண்டவாளத்துக்கு அடியிலும் மறுபக்கம் மேலேயும் போய்விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு ஓரத்தையும் நகத்தால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியவில்லையென்றால் சரி. மடலை மூடுங்கள். அது தடையில்லாமல் படிந்தால் ஷீட் முழுக்க உள்ளே போயிருக்கிறது. ஸ்லைடைத் தள்ளி மூடி, வெள்ளை வெளியே இருக்கிறதா என்று புள்ளியைத் தடவிப் பார்த்துவிட்டு, மேலே உள்ள சின்னக் கொக்கியைத் திருப்பி விடுங்கள்.

அந்தக் கொக்கியை நான் ஒரு வருடம் சீண்டவே இல்லை. பைக்குள் ஒரு ஸ்லைடு தானாக இரண்டு சென்டிமீட்டர் நழுவிய நாளிலிருந்து ஒருபோதும் மறப்பதில்லை.

எந்த ஃபிலிம்?

முதலில் ஃபிலிமே வேண்டாம். கறுப்பு வெள்ளை பிரிண்ட் போடும் காகிதத்தை 4×5-க்குச் சற்றுக் குறைவாக வெட்டி ஹோல்டரில் போடுங்கள். ஐஎஸ்ஓ 6 என்று வைத்துக்கொண்டு, கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி எடுங்கள். சிவப்பு விளக்கில் டெவலப்பர் ஊற்றிய தட்டில் போட்டால் இரண்டு நிமிடத்தில் படம் மேலே வந்துவிடும். கையில் பிடித்து எடுக்க இது மிக மெதுவானது. ஆனால் ஒளிக்கசிவு, ஃபோகஸ் கோடு, முடிவிலி எல்லாவற்றையும் காகிதத்திலேயே சோதித்துவிடலாம்.

அடுத்து ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை: இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ், அல்லது இன்னும் மலிவாக வேண்டுமென்றால் ஃபோமாபான் 400. எக்ஸ்ரே ஃபிலிம் மிக மலிவு, சிவப்பு விளக்கிலேயே கையாளலாம் என்று சொல்வார்கள். பச்சை உணர்வுள்ள வகையில் அது உண்மைதான். ஆனால் பெரும்பாலானவற்றில் இரண்டு பக்கமும் பூச்சு இருக்கும், தொட்டால் கீறும், தோலின் நிறமும் மாறித் தெரியும். தொடக்கத்தில் இந்த வம்பு வேண்டாம். கலர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிச்சம்

கையில் உள்ள போனின் மீட்டர் ஆப்பே போதும். ஆனால் ஹெச்பி5-க்கு இந்த நான்கு வரியை மனப்பாடம் செய்துவிட்டால் அதுகூடத் தேவைப்படாது. நல்ல வெயிலில் எஃப்/22, 1/200 அல்லது 1/250. மெல்லிய மேகத்தில் எஃப்/16, 1/200. நிழல் விழாத மேகமூட்டத்தில் எஃப்/16, 1/100. திறந்த நிழலில் எஃப்/16, 1/50. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) அதிகம் கொடுங்கள். நெகட்டிவ் அதைத் தாங்கும், குறைந்தால்தான் நிழலில் ஒன்றுமே இருக்காது.

கவனித்தீர்களா, அப்பர்ச்சர் எஃப்/16-ஐவிட அகலமாகத் திறக்கவே இல்லை. நம் மூன்று தூரக் கோடுகளும் எஃப்/16-க்குப் போட்டவை. வெளிச்சம் அதைவிடக் குறைந்தால் கேமராவை மூடி வையுங்கள், அல்லது ஃபிளாஷ் போடுங்கள்.

எடுக்கும் வரிசை

இதை ஒரு சின்ன அட்டையில் எழுதி கேமராவின் பின்னால் ஒட்டுங்கள். மந்திரம் மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

1. வெளிச்சம் பார்த்து அப்பர்ச்சரும் வேகமும் வை.
2. தூரக் கோடு வை.
3. ஷட்டர் மூடியிருக்கிறதா? லென்ஸைக் கண்ணால் பார். கறுப்பு இதழ் தெரிய வேண்டும்.
4. ஹோல்டரைச் செருகு, லென்ஸ் பக்கத்து ஸ்லைடின் வெள்ளை லென்ஸைப் பார்க்கட்டும்.
5. ஷட்டரை ஏற்று.
6. ஸ்லைடை நேராக உருவு, பையில் அல்ல, கேமராவிலேயே எங்காவது செருகிவை.
7. எடு.
8. ஸ்லைடைத் திருப்பி, கறுப்பு வெளியே தெரியும்படி மூடு. கொக்கி.

மூன்றாவது படிதான் என் அடர்கறுப்பு ஷீட். ஃபோகஸ் பார்க்க ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு மூட மறப்பது எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். ஆறாவது படி, உருவாத அந்த வெறும் ஷீட். எட்டாவது, இரட்டைப் படம். ஸ்லைடைத் திருப்பாமல் வெள்ளையாகவே மூடியதால் அதே பக்கத்தில் மறுபடி எடுத்துவிட்டேன்.

ஸ்லைடை உருவும்போது இடது கையால் ஹோல்டரைக் கேமராவோடு அழுத்திப் பிடியுங்கள். சாய்த்து இழுத்தால் ஹோல்டர் லேசாக எழும்பி, ஓரத்தில் ஒளிக்கீற்று விழும். பிறகு முழங்கை இரண்டும் விலாவில், கேமரா நெற்றியில் அல்லது மார்பில் பதிய, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை அமுக்காமல் கசக்குவது போல. ஷட்டரைத் தூரத்திலிருந்து அமுக்கும் கேபிள் ரிலீஸைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினால் இன்னும் நல்லது.

வியூஃபைண்டருக்கு ஒரு கம்பிச் சட்டமே போதும். கிட்டத்தில் எடுக்கும்போது லென்ஸ் பார்ப்பதும் நீங்கள் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதால் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். ஒரு சின்ன ரசமட்டத்தைக் கேமரா மேல் ஒட்டுங்கள். 90 மி.மீ. லென்ஸைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்தாலே கட்டடங்கள் எல்லாம் பின்னால் சாயும்.

கழுவுதல்

லேப் தேட வேண்டாம். வீட்டிலேயே செய்ய எளிய வழி: மூன்று ரீல் கொள்ளும் பேட்டர்சன் டேங்க், அதற்குள் ஆறு ஷீட் பிடிக்கும் மாட்54 சட்டம், ஒரு லிட்டர் கரைசல். சட்டம் வாங்க மனமில்லையென்றால் ஷீட்டைப் பூச்சு உள்பக்கம் இருக்கும்படி குழலாக வளைத்து, தலைமுடி கட்டும் ரப்பர் பேண்டைத் தளர்வாக மாட்டி டேங்கில் நிறுத்துங்கள். நான்கு ஷீட் நிற்கும். டேங்கின் நடுக்குழாயை மறக்காதீர்கள். ரீல் இல்லாதபோது அது எதற்கு என்று தோன்றும், ஆனால் ஒளியை மறைப்பதே அதுதான்.

ஹெச்பி5-ஐ ஐடி-11 டெவலப்பரில், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, 20 டிகிரியில் 13 நிமிடம். கலக்காமல் போட்டால் ஏழரை நிமிடம். தொடங்குபவருக்கு நீண்ட நேரமே நல்லது. ஊற்றுவதில் பத்து விநாடி முன்பின் ஆனாலும் தெரியாது. ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் நான்கு தடவை தலைகீழாக்கித் திருப்புங்கள். குழாய்த் தண்ணீர் சூடாக இருந்தால் டெவலப்பர் பாட்டிலைப் பனிக்கட்டி போட்ட வாளியில் நிறுத்தி இறக்கிக்கொள்ளுங்கள். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் பத்து விநாடி, படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸரில் சில நிமிடம், பிறகு கழுவல். குழலாக வளைத்த ஷீட்டின் முதுகில் ஊதாக் கறை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். டேங்கின் சுவரோடு ஒட்டிய இடத்தில் சாயம் போகவில்லை, அவ்வளவுதான். வெளியே எடுத்து இன்னொரு தடவை ஃபிக்ஸரில் போட்டுக் கழுவினால் போய்விடும். ஒரு மூலையில் கிளிப் போட்டுத் தூசு இல்லாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

பார்ப்பது

ஸ்கேனர் வாங்குவதானால், ஃபிலிமுக்கான விளக்குப் பகுதி 4×5 அகலம் இருக்கிறதா என்று பாருங்கள். எப்சன் வி600-இல் அந்தப் பகுதி குறுகல். வி700, வி800 வரிசையில் முழு ஷீட்டும் ஒரே தடவையில் அடங்கும். லைட் பேடின் மேல் வைத்து டிஜிட்டல் கேமராவால் எடுத்தாலும் நன்றாகவே வரும்.

ஆனால் முதல் நெகட்டிவை நான் எப்போதும் கான்டாக்ட் பிரிண்ட்தான் போடுவேன். என்லார்ஜர் வேண்டாம். காகிதத்தின் மேல் நெகட்டிவ், அதன் மேல் ஒரு கண்ணாடி, மேலே ஒரு சாதாரண பல்பைச் சில விநாடி. உள்ளங்கை அளவுக்கு ஒரு படம் கிடைக்கும்.

அந்தப் பிரிண்டின் முதுகில் பென்சிலால் மூன்று விஷயம் எழுதுங்கள்: ஹோல்டர் எண், வளையத்தில் வைத்த தூரம், படத்தில் உண்மையில் கூர்மையாக விழுந்திருக்கும் இடம். பத்துப் பிரிண்ட் சேர்ந்ததும் வரிசையாகக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். நீங்கள் தூரத்தைக் குறைத்து மதிப்பிடுபவரா, கூட்டி மதிப்பிடுபவரா என்று தெரிந்துவிடும். நான் குறைப்பவன். மூன்று மீட்டர் என்று என் கண் சொன்னால் வளையத்தை மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் வைத்துவிடுகிறேன்.